கொட்டிலில் நின்ற கார்

நான் தையல் வேலை செய்து பிள்ளையை வளர்த்தவள். நாற்பத்தொரு வயதுவரை ஒரு சைக்கிள் ரியூப்புக்குக்கூட ஒட்டுப் போட்டதில்லை. அப்படிப்பட்ட நான் ஒரு பழைய காரை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றித் திரும்பவும் பூட்டினேன் என்றால் எங்கள் ஊரிலேயே சிலர் நம்புவதில்லை. எப்படி நடந்தது என்று எழுதும்படி எங்கள் மாதர் சங்கத்துச் சகோதரி ஒருவர் பலமுறை கேட்டுவிட்டார். அதனால் எழுதுகிறேன்.

கார் எங்களுடையதுதான். என் கணவருடைய தகப்பனார், நான் மாமா என்று அழைப்பவர், வாடகைக்கு ஓடுவதற்காக வாங்கிய ஒஸ்ரின் ஏ40. அதிலும் சோமர்செற் என்ற இனம். இங்கிலாந்தில் பேர்மிங்காமுக்குப் பக்கத்திலுள்ள லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில் 1952 முதல் 1954 வரை செய்தவை. ஆயிரத்து இருநூறு சீ.சீ. எஞ்சின், நான்கு சிலிண்டர். கியர் போடும் தடி நிலத்தில் இல்லை, ஸ்ரேரிங்குக்குக் கீழே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். திரும்புவதற்குச் சைகை காட்டக் கதவுத் தூணிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே வரும். யாழ்ப்பாணத்தில் என் வயதில் உள்ளவர்களுக்கு இந்தக் கார்களை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பிள்ளைப்பேற்றுக்கும் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இவைதான் ஓடின.

1990இல் பொருளாதாரத் தடை வந்த பின்னர் பெற்றோல் கிடைக்காத பொருளாயிற்று. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. அதனால் முதலில் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்புவார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். அந்தச் சில துளிகளுக்காகவே கண்ணுக்கு மருந்து விடுகின்ற சின்னப் போத்தல்களைக் கழுவிப் பெற்றோல் நிரப்பி வைத்திருந்தார்கள். வெள்ளைப் புகையும் மண்ணெண்ணெய் மணமுமாக அந்தக் கார் எங்கள் ஒழுங்கையால் போனது எனக்கு நல்ல ஞாபகம்.

1995 ஐப்பசி 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது எனக்குப் பதினேழு வயது. மழை. நாவற்குழிப் பக்கம் போகும் வீதியில் சனம் அடி அடியாக நகர்ந்துகொண்டிருந்தது. நடக்கமுடியாத எங்கள் அம்மம்மாவை அந்தக் காரில்தான் ஏற்றினோம். எஞ்சினை ஓட விட்டால் எண்ணெய் முடிந்துவிடும் என்று நிறுத்திவிட்டு, மாமாவும் அவருடைய மகனும் பின்னால் நின்று தள்ளினார்கள். நானும் தள்ளினேன். அந்த மகனைத்தான் 2001இல் கல்யாணம் செய்தேன்.

2006 ஆவணியில் ஏ9 பாதை மூடப்பட்டது. பெற்றோலுக்குத் திரும்பவும் தட்டுப்பாடு. அவர் காரைக் கொட்டிலுக்குள் விட்டு, பற்றறியைக் கழற்றிவைத்துவிட்டுச் சைக்கிளில் வேலைக்குப் போனார். 2007இல் ஒரு நாள் சைக்கிளில் போனவர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு நான் ஏறி இறங்கிய இடங்களைப் பற்றி இங்கே எழுதவில்லை. இதை வாசிக்கிற உங்களில் பலர் அதே வாசல்களில் எனக்கு முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள். அப்போது மகளுக்கு நாலு வயது.

கார் நின்றது. கிடுகு உக்கிப் பலமுறை மாற்றினேன். ஆனால் காரைத் தொடவில்லை. வருடத்துக்கொருமுறை கூட்டுவதற்கு உள்ளே போனால் அழுகை வரும், வெளியே வந்துவிடுவேன்.

2018இல் தெற்கிலிருந்து ஒருவர் பழைய கார்கள் தேடி ஊருக்கு வந்தார். தரகர் ஒருவர் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு தொகை சொன்னார். என் தையற் கணக்கில் அது மூன்று வருட உழைப்பு. கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நான் சம்மதிக்கும் நிலையில்தான் இருந்தேன். அப்போது உரிமைப் புத்தகத்தைக் கேட்டார்கள். அது என் கணவரின் பெயரில் இருந்தது. தரகர் சொன்னார்:

“அதொண்டும் பிரச்சினையில்லை அக்கா. மரணச் சான்றிதழ் ஒண்டு எடுத்தால் உங்கடை பேருக்கு மாத்தலாம். ஒரு கடதாசிதானே.”

காணாமற் போய் ஒரு வருடத்துக்கு மேலானவர்களுக்கு மரணச் சான்றிதழ் பெற 2010ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்தது. அதை எடுத்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நிலைமை. எனக்குக் கை வரவில்லை. ஒரு காரை விற்பதற்காக அவர் செத்துவிட்டார் என்று நான் கையெழுத்து வைப்பதா என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர்கள் தொலைபேசி இலக்கத்தைத் தந்துவிட்டுப் போனார்கள்.

அன்று இரவு மகள் கேட்டாள்: “விக்கவும் மாட்டியள், ஓடவும் மாட்டியள். அப்ப ஏன் அம்மா அது நிக்குது?” எனக்குப் பதில் தெரியவில்லை.

பிறகு சட்ட உதவி செய்கிற ஒரு சட்டத்தரணி அம்மாவிடம் போனேன். 2016இல் சட்டம் திருத்தப்பட்டதையும், ஆள் காணாமற் போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழ் இருப்பதையும் அவர் விளங்கப்படுத்தினார். அதில் ‘இறந்தார்’ என்ற சொல் இல்லை. அதைக் கொண்டு காணாமற் போனவரின் உடைமைகளைப் பராமரிக்கலாம் என்றார். வீட்டுக்கு வந்து கொட்டிலைத் திறந்து பார்த்தேன். பன்னிரண்டு வருடமாக நான் அந்தக் காரைப் பராமரிக்கவில்லை. பூட்டித்தான் வைத்திருந்தேன்.

எங்கள் ஊரில் ஒரு காலத்தில் கராஜ் வைத்திருந்த ஐயா ஒருவர் இருக்கிறார். எழுபத்தைந்து வயதுக்கு மேல். கை நடுங்கும், பார்வையும் குறைவு. மாமாவின் காரைப் பலமுறை திருத்தியவர். அவரிடம் போய் யாராவது மெக்கானிக்கை ஒழுங்குசெய்து தரும்படி கேட்டேன். “இந்தக் காலத்துப் பெடியளுக்கு இது தெரியாது பிள்ளை. தெரிஞ்சவையின்ரை கூலி உன்னாலை குடுக்கேலாது. நீ செய். நான் கதிரையிலை இருந்து சொல்லுறன்” என்றார். பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை காலை பேரனின் சைக்கிளில் ஏறி, கதிரை போடச் சொல்லி வந்து இருந்துவிட்டார்.

2019 தைமாதம் தொடங்கினோம். சனி, ஞாயிறு பின்னேரங்கள் மட்டும். மாதம் மூவாயிரம் ரூபாவுக்கு மேல் செலவில்லை என்று எனக்கு நானே கட்டுப்பாடு வைத்தேன். கணவரின் பழைய சேட்டு ஒன்றை உடுப்புக்கு மேலே போட்டுக்கொண்டேன்.

முதல் நாள் நான் பற்றறி வாங்குவதைப் பற்றிக் கேட்டேன். ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நெடுநாள் நின்ற எஞ்சினின் உள்சுவரில் எண்ணெய் காய்ந்திருக்கும், கறளும் பிடித்திருக்கும். அதை வலோற்காரமாகச் சுற்றினால் பிஸ்ரன் வளையங்கள் சுவரைக் கீறிவிடும். எங்கள் எஞ்சின் இறுகியே போயிருந்தது. பிளக்குகள் நான்கையும் கழற்றி, அந்தத் துளைகளால் டீசலும் எஞ்சின் ஓயிலும் கலந்து விட்டோம். பிறகு இரண்டு கிழமை காத்திருந்தோம். முன்பக்கத்தால் கையால் சுற்றும் இரும்புத் தடியைப் போட்டு மெல்ல அசைத்துப் பார்ப்பேன். அசையாது. திரும்பவும் எண்ணெய். ஐந்தாவது கிழமை ஒரு விரற்கடை அளவு அசைந்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

அந்தத் தடியைப் பிடிப்பதற்கும் ஒரு முறை உண்டு. பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்கவேண்டும். மாற்றிப் பிடித்திருக்கும்போது எஞ்சின் பின்னுக்கு உதைத்தால் பெருவிரல் முறியும். ஐயாவின் இடக்கைப் பெருவிரல் அப்படித்தான் கோணியது என்று காட்டினார்.

பழகாத வேலையில் பிழைகள் நிறைய விட்டேன். அண்ணாவின் மோட்டார் சைக்கிள் ஸ்பனர்களைக் கொண்டுவந்து போட்டேன். அவை மில்லிமீற்றர் அளவு, இந்தக் காரின் நற்றுகள் அங்குல அளவு. கிட்டத்தட்டச் சரி என்று பலமாகத் திருகியதில் மூன்று நற்றுகளின் மூலைகள் வழிந்துவிட்டன. கழற்றியவற்றை ஒரு பெட்டிக்குள் ஒன்றாகப் போட்டேன். இரண்டு நாளில் எது எங்கே பூட்டுவது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் தையற்காரியின் புத்தி வந்தது. சட்டை வெட்டும்போது ஒவ்வொரு துண்டுக்கும் அடையாளம் போடுவோமே, அதுபோல ஒவ்வொரு சாமானிலும் துணி நாடா கட்டிப் பெயர் எழுதினேன். பால்மா ரின்களை வரிசையாக வைத்து, மகளின் பழைய கொப்பி ஒன்றில் கழற்றும்போதே படம் கீறினேன். கடைசியாகக் கழற்றியது முதலில் பூட்டப்படும் என்பதால் கொப்பியைப் பின்னாலிருந்து வாசித்தாலே போதும். அந்தக் கொப்பி இல்லாவிட்டால் இன்றைக்கும் கார் ரின்களுக்குள்தான் இருந்திருக்கும்.

உள்ளே சாமான் வைக்கும் தட்டைத் துடைத்த அன்று, எலிக்கூட்டுக்குள்ளே விரல் அளவு போத்தல் ஒன்று கிடைத்தது. கண்ணுக்கு மருந்து விடும் போத்தல். மூடி மஞ்சளாகியிருந்தது. மோந்து பார்த்தேன், ஒரு மணமும் இல்லை. ஐயா தடவிப் பார்த்துவிட்டு, “உன்ரை மனிசன் இதைச் சேட்டுப் பொக்கற்றிலை கொண்டுதிரிவான்” என்றார். அன்று மேலும் வேலை செய்யவில்லை. போத்தலைக் கழுவிச் சுவாமி அறையில் வைத்தேன்.

எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றிய நாளும் மறக்காது. உள்ளே பிஸ்ரன்களின் மேலும் வால்வுகளைச் சுற்றியும் கரி தடித்துப் படிந்திருந்தது. தோசைச்சட்டியின் அடியில் பிடித்த கரி மாதிரி. “இது முழுக்க மண்ணெண்ணெய்” என்றார் ஐயா. முழுவதும் எரியாத மண்ணெண்ணெய் கரியாகப் படியும். மிச்சம் வளையங்களுக்கிடையால் கீழே இறங்கி எஞ்சின் ஓயிலையும் தண்ணியாக்கிவிடும். ஓயிலை அடிக்கடி மாற்றவும் அப்போது வசதியில்லை. இவ்வளவு கரியோடும் இது எப்படி ஓடியது என்று கேட்டேன். “நாங்கள் எப்பிடி ஓடினம், அப்பிடித்தான்” என்றார். மரத்துண்டொன்றைச் சீவி, பிஸ்ரனில் கீறல் விழாமல் அந்தக் கரியைச் சுரண்டி எடுக்க நாலு நாள் சென்றது.

வால்வுகளை அரைப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. நுனியில் றபர் ஒட்டிய தடியால் வால்வைப் பிடித்து, விளிம்பில் அரைக்கும் பசை பூசி, தடியை இரண்டு உள்ளங்கைக்கும் இடையில் வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டவேண்டும். மோர் கடையும் மத்தைப் போலத்தான். முதலில் கரகரவென்று கேட்கும். சரியாகிக்கொண்டு வரும்போது சத்தம் மெதுவாகும். ஐயா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். “இன்னும் கொஞ்சம்... இன்னும்... காணும்.” பிறகு நான் துடைத்துப் பார்த்தால் விளிம்பு முழுவதும் ஒரே சாம்பல் நிற வளையம் இருக்கும். இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடுகளும் எனக்குப் பழகிவிட்டன. துணியின் தடிப்பை விரலால் அறிந்த கைக்கு அது புதிதில்லை.

பிறேக்தான் பெரிய கஷ்டம். பழைய கார்களின் பிறேக் கட்டைகளில் கல்நார் இருக்கும். அந்தத் தூளை ஊதவோ உலர்ந்தபடி தட்டவோ கூடாது. சுவாசத்தோடு உள்ளே போனால் பல வருடங்களுக்குப் பிறகு நுரையீரல் நோயாக வரும். தண்ணீரால் நனைத்துத் துடைத்து, அந்தத் துணியைப் பையிலிட்டுக் கட்டவேண்டும். முன்பு இதெல்லாம் தெரியாமல் வாயால் ஊதித் துப்புரவாக்கியதாக ஐயாவே சொன்னார். சில்லுச் சிலிண்டர்களின் றபர்கள் கல்லாகியிருந்தன. நகரத்துக் கடையொன்றில் ‘ஏ40 றபர்’ என்று சொல்லித் தந்ததை வாங்கிவந்தேன். பொருந்தவில்லை. திருப்பி எடுக்கமாட்டோம் என்றார்கள். இரண்டு மாதச் செலவுக் காசு போய்விட்டது.

கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குப் போனால் கிடைக்கும் என்றார் ஐயா. பழைய சிலிண்டரையே கையில் கொண்டுபோய்க் காட்டச் சொன்னார். 2019ஆம் ஆண்டு, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிந்திய மாதங்கள். எங்கும் பைகளைத் திறந்து சோதித்தார்கள். நானும் மகளும் எண்ணெய்க் கறையோடு இரும்புச் சாமான்களை உடுப்புக்குள் சுற்றிக்கொண்டு புகையிரதத்தில் போனோம். சோதனைச் சாவடியில் சிலிண்டரை வெளியே எடுத்தபோது எனக்குக் கால் நடுங்கியது. பழைய நடுக்கம் அது. மகள் தனக்குத் தெரிந்த சிங்களத்தில், “அப்பாவின் காருடைய பிறேக்” என்றாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்தார். போத்தல் தொடக்கம் சிலிண்டர் வரை எல்லாவற்றையும் நான் ‘இது’ என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். அவள் ‘அப்பாவின் கார்’ என்றது மனதில் நின்றது. தகப்பனின் முகம்கூட அவளுக்குப் படத்தில் பார்த்த முகம்தான்.

பஞ்சிகாவத்தையில் ஒரு வயதான சிங்கள முதலாளி, பழைய றபரை அளந்து பார்க்காமல் புதிதைத் தரமாட்டேன் என்றுவிட்டார். அளந்து தந்தது அப்படியே பொருந்தியது.

2020 பங்குனியில் கொரோனா ஊரடங்கு வந்தது. தையல் வேலை நின்றது. கைவசம் நேரம் மட்டும் இருந்தது. அந்த மாதங்களில் கறள் எடுத்தேன். சோமர்செற்றுக்குக் கீழே தனியான இரும்புச் சட்டம் உண்டு. அது உறுதியாக இருந்தது. ஆனால் சாரதி கால் வைக்கும் தகரம் உக்கிக் கையோடு வந்தது. கேற் செய்யும் தம்பி ஒருவர் புதுத் தகரம் வெட்டி வெல்டிங் செய்து தந்தார். கதவு றபருக்கு அடியில் தேய்த்தபோது கறுப்புக்குள்ளே ஒரு பச்சை நிறம் தெரிந்தது. கார் பிறந்த நிறம் அதுதான் போலும். அந்தப் பச்சையையே தெரிவுசெய்து தூரிகையால் பூசினோம். கிட்டப் போனால் தூரிகைக் கோடு தெரியும். இருக்கைகளுக்கு றெக்சின் வாங்கி நானே தைத்தேன். காரில் ஐயா ஒரு சொல்லும் சொல்லாத வேலை அது ஒன்றுதான்.

அந்த வருடம் வாகன இறக்குமதியும் நிறுத்தப்பட்டது. பழைய வாகனங்களின் விலை ஏறியது. 2021இல் அந்தத் தரகர் திரும்பவும் வந்தார். முன்பு சொன்னதைவிட இரட்டிப்பு விலை. அப்போது வீட்டில் உண்மையாகவே காசில்லை. மகளின் உயர்தர வகுப்புக் கட்டணம் இரண்டு மாதம் நிலுவை. இரவு முழுவதும் நித்திரையில்லை. காலையில் மகளிடமே கேட்டேன். “இன்னும் வயர் பூட்டேல்லையே அம்மா. அரைகுறையாக் குடுக்கிறதே?” என்றாள். அவளுக்கும் அதில் பிடிப்பு வந்துவிட்டது என்று அன்றுதான் விளங்கியது. காப்பை அடகு வைத்துக் கட்டணத்தைக் கட்டினேன். செய்தது சரியோ பிழையோ என்று அன்று சொல்லத் தெரியவில்லை.

வயர்களின் துணியுறையை அணில்கள் கடித்திருந்தன. ஒவ்வொன்றாக மாற்றினோம். கடைசியில் பற்றறி பூட்டும்போது இப்போதைய கார்களில் செய்வதுபோல எதிர்முனையை உடலோடு இணைக்கப் போனேன். ஐயா கதிரையிலிருந்து எழும்பிக் கத்தினார். அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார்களில் நேர்முனைதான் உடலோடு சேரும். மாற்றிப் பூட்டினால் பற்றறிக்கு மின்சாரம் ஏற்றும் டைனமோ பழுதாகிவிடும். இப்போது அந்த இடத்தில் சிவப்பு மையால் ஒரு குறி போட்டிருக்கிறேன்.

எல்லாம் பூட்டி முடிந்தது 2022 ஆடியில். நாட்டில் பெற்றோல் இல்லை! கியூ.ஆர். அட்டை முறை அப்போதுதான் வந்தது. கொட்டிலில் நிற்கும் காருக்கு யார் பெற்றோல் தருவார்கள்? “மண்ணெண்ணெயிலை எழுப்புவம்” என்று ஐயா பகிடி விட்டார். அதுவும் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் 87 ரூபா மண்ணெண்ணெய் 340 ரூபாவாயிற்று. கடைசியில் அண்ணா தன் மோட்டார் சைக்கிளின் பங்கிலிருந்து ஒரு லீற்றர் கொண்டுவந்து தந்தார்.

சுவாமி அறையில் இருந்த சின்னப் போத்தலை எடுத்தேன். பெற்றோல் நிரப்பிக் காபரேற்றர் வாயில் ஐந்தாறு துளி விட்டேன். மகள் சாரதி இருக்கையில். நான் தடியைப் போட்டு, பெருவிரலை மடக்காமல் பிடித்து, மேல்நோக்கி இழுத்தேன். ஒன்றுமில்லை. இரண்டாவது தரம் ஒரு இருமல். நாலாவது தரம் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கொட்டில் முழுவதும் புகை. கிடுகிலிருந்து தூசி கொட்டியது. பக்கத்து வீட்டக்கா ஓடிவந்தார். ஐயா தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். “மூண்டாவது சிலிண்டரிலை வால்வு இடைவெளி கூட. நாளைக்குப் பார்” என்றார்.

மகள் எஞ்சினை நிறுத்தவில்லை. ஸ்ரேரிங்கைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். இது அப்பா கேட்ட சத்தமா என்று கேட்டாள். இதேதான் என்றேன்.

இப்போது அந்தக் கார் எங்கள் கொட்டிலிலிருந்து படலைவரை ஓடும், பின்னோக்கியும் வரும். வீதியில் ஓடவில்லை. நெடுநாள் புதுப்பிக்காத அனுமதிப்பத்திரம், காப்புறுதி, உரிமை பற்றிய கேள்விகள் எல்லாம் கந்தோர்களில் இன்னும் இழுபடுகின்றன. கையில் அந்தச் சான்றிதழ் இருக்கிறது. கடதாசிகள் சரிவந்தால் கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விட யோசனை. பழைய கார்களில் மாப்பிள்ளை பெண்பிள்ளையை ஏற்றுவதற்கு இப்போது விருப்பம் உண்டு. சரிவராவிட்டால் என்ன செய்வது என்று இன்னும் முடிவில்லை. தரகரின் இலக்கத்தை நான் கிழித்தெறியவில்லை. ஒரு நாள் விற்கவும் நேரலாம். விற்றால் ஓடுகிற காராக விற்பேன், அவர் செத்துவிட்டார் என்று எழுதிக்கொடுத்து விற்கமாட்டேன்.

கார் திருத்தியதால் வருமானமும் கொஞ்சம் வந்தது. ஊரில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மெசின்களின் பிளக், காபரேற்றர் துப்புரவாக்கக் கொண்டுவருகிறார்கள். முதலில் பெண்கள் கொண்டுவந்தார்கள், இப்போது ஆண்களும் வருகிறார்கள். காப்பை மீட்டுவிட்டேன். மகள் மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் படிக்கிறாள். வகுப்பில் பெண்பிள்ளைகள் இரண்டு பேர்தானாம்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுக் கொட்டிலில் கார் இல்லாமல் இருக்கலாம். அவர் விட்டுப்போன நீரிறைக்கும் மெசினோ, மோட்டார் சைக்கிளோ, வள்ளத்து எஞ்சினோ நிற்கலாம். தொடுவதற்கு மனம் வந்தால் இவற்றை மட்டும் ஞாபகம் வையுங்கள். தெரிந்த ஒருவரைக் கதிரையில் இருத்திக்கொள்ளுங்கள், ஆனால் ஸ்பனரை நீங்கள் பிடியுங்கள். கழற்ற முன்னர் படம் கீறுங்கள். இறுகியதை உடைக்க வேண்டாம், எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். ஜக் மட்டும் தாங்கும் வாகனத்துக்குக் கீழே ஒருபோதும் படுக்காதீர்கள், மரக்குற்றியோ இரும்புத் தாங்கியோ வையுங்கள். பெற்றோலால் சாமான் கழுவ வேண்டாம், ஒரு பொறி போதும். மாதச் செலவுக்கு ஒரு எல்லை வையுங்கள். தொட மனம் வராவிட்டால் அதுவும் பிழையில்லை. எனக்குப் பன்னிரண்டு வருடம் வரவில்லை.

ஒவ்வொரு சனிக்கிழமை பின்னேரமும் பத்து நிமிடம் எஞ்சினை ஓட விடுகிறேன். நிற்கவிட்டால் திரும்பவும் இறுகிவிடும். ஐயா இப்போது எங்கள் வீடுவரை வரமுடியாது. தன் வீட்டுத் திண்ணையில் இருந்து கேட்கிறார். போன கிழமை பேரனிடம் சொல்லியனுப்பியிருந்தார், மூன்றாவது சிலிண்டர் இப்போது சரியாம்.